இரண்டு முறை அடிக்கோடிட்ட ஒரு வரி

போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்புக்குப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், கண்ணில் பட்ட வழிகாட்டிகளையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வைத்த நோட்டு. நீல மை, சிவப்பு மை, ஓரத்தில் நட்சத்திரக் குறி. பள்ளித் தேர்வுக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெடுத்ததில்லை. நடுவில் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "எத்தனை முறை திருத்தித் தருவோம் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்." அதன் கீழே இரண்டு கோடு.

பக்கத்தின் மேலே இருந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டேன். அந்த வரியை எழுதி மூன்று வாரம் கழித்து என் முதல் வேலை வந்தது. அந்த வேலையை 11 முறை திருத்திக் கொடுத்தேன். ஒரு முறைகூடக் கூடுதலாகக் காசு கேட்கவில்லை.

புதிதாக ஃப்ரீலான்ஸிங்குக்கு வருபவர்களுக்கு இந்த வழிகாட்டிகள் உதவுமா என்று யாராவது கேட்டால், இப்போது எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வருகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஏட்டில் இருந்ததில் தப்பே இல்லையே! சரியான ஆலோசனை, தேவைப்படும் நேரத்துக்கு முன்பே, என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. அப்படியும் மாட்டிக்கொண்டேன்.

நான்கு மாதம் படித்தேன். அலுவலகம் முடிந்து வந்து தினமும் இரவில் இரண்டு மணி நேரம். கட்டுரைகள், வீடியோக்கள், இலவச மின்னூல்கள் (இலவசம் என்றால், மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் கடிதம் வரும்). எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வரிசைதான். உனக்கென்று ஒரு துறையைப் பிடி, ப்ரொஃபைல் எழுது, மாதிரி வேலைகளைக் காட்டு, தினம் இத்தனை பேருக்கு விண்ணப்பம் போடு, விலையைக் குறைக்காதே. படிக்கப் படிக்க, ஏதோ தொழில் நடத்திக்கொண்டிருப்பது போலவே இருந்தது. அதில்தான் வம்பு. ப்ரொஃபைலில் போட வேண்டிய இரண்டு பத்திகளை ஒன்பது நாள் மாற்றி மாற்றி எழுதினேன். என் பெயருக்கு ஒரு லோகோ செய்தேன். இன்றுவரை ஒரு கிளையன்ட்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. அந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று எனக்கே தெரியாது.

பயமும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். யாருக்காவது மெயில் அனுப்பினால் "வேண்டாம்" என்று பதில் வரலாம், பதிலே வராமலும் போகலாம். வழிகாட்டி நம்மை ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லாது. அதனால் அடுத்த வழிகாட்டியைத் திறந்துகொண்டே இருந்தேன்.

முதல் வேலை வந்தது, நான் ஒன்பது நாள் இழைத்த ப்ரொஃபைல் வழியாக இல்லை. முன்பு கூட வேலை பார்த்த ஒருவர், தனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் என் பெயரைச் சொல்லியிருந்தார். பணியாளர் பயிற்சிக் கையேடு, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, 62 பக்க பிடிஎஃப். "சின்ன வேலைதான், எவ்வளவு ஆகும்?" என்று ஃபோனில் கேட்டார்கள். நான் பக்கங்களை மேலோட்டமாகப் புரட்டி, பக்கத்துக்கு அரை மணி நேரம் என்று மனக்கணக்குப் போட்டு, மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னேன். உடனே "சரி" என்றார்கள். அவ்வளவு சீக்கிரம் சரி என்கிறார்களே என்று சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்பட்டேன்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, 17 பக்கங்கள் ஸ்கேன் செய்த படங்கள். அதில் இருந்த அட்டவணைகளைக் கட்டம் கட்டமாக நானே போட வேண்டும். படங்களுக்குள் அம்புக்குறி போட்டு எழுதியிருந்த பொடி எழுத்துகள் வேறு. ஒருவழியாக முடித்து அனுப்பினேன். அவர்களுடைய மேலாளருக்கு "பணியாளர்" என்ற சொல் பிடிக்கவில்லை, "ஊழியர்" என்று வேண்டும். மாற்றினேன். நான்காவது சுற்றில் ஆங்கில மூலமே மாறிவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தை அவர்கள் புதிதாக எழுதியிருந்தார்கள். "இதையும் கொஞ்சம் அப்டேட் பண்ணிடுங்க" என்று ஒரு வரி. ஏழாவது சுற்றில் பயிற்சிப் பிரிவிலிருந்து இன்னொருவர் வந்தார். அவருக்கு "ஊழியர்" பிடிக்கவில்லை. மறுபடி "பணியாளர்". 11ஆவது சுற்று முடிந்த அன்று இரவு, செலவழித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 94 மணி நேரம். நான் நினைத்து விலை சொன்னது 31 மணி நேரத்துக்கு.

டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இலேயே இந்தக் கோளாறுக்குத் திட்டமிடல் பிழை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணிக்கும்போது, இதே மாதிரி வேலைகளுக்கு முன்பு உண்மையில் எவ்வளவு ஆனது என்று நாம் பார்ப்பதில்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று ஒரு படம் மனதில் ஓடும், அதை வைத்தே கணக்குப் போடுகிறோம். பழைய கணக்கைப் பார் என்பதுதான் அவர்கள் சொல்லும் மருந்து. புதிதாக வருபவரிடம் பழைய கணக்கு ஏது? அதற்கு நான் பிறகு கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு. விலை சொல்வதற்கு முன்னால் அந்த ஆவணத்திலேயே இரண்டு பக்கத்தைக் கடிகாரம் வைத்துச் செய்து பார்த்துவிடுகிறேன். நடுவிலிருந்து ஒரு பக்கம், இருப்பதிலேயே மோசமாகத் தெரிவது ஒரு பக்கம். முதல் பக்கத்தை எடுக்கவே மாட்டேன். எந்த ஆவணத்திலும் முதல் பக்கம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

சரி, நோட்டில் இருந்த வரி ஏன் கைகொடுக்கவில்லை?

ஃபோனில் பேசியவர் அன்பாகப் பேசினார். என்னை நம்பி முதல் வேலையைக் கொடுக்கிறார். அவரிடம் போய் "இரண்டு தடவைக்கு மேல் திருத்த மாட்டேன்" என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை. எழுத்தில் சொல்லிவிடு என்ற வழிகாட்டி, எந்த வார்த்தைகளில், எந்த மெயிலில், எந்த நேரத்தில் என்று சொல்லவில்லை. நீச்சல் தெரிந்தவருக்கு "கையைக் காலை ஆட்டு" என்பது முழு விளக்கம். தெரியாதவருக்கு அதில் ஒன்றுமே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. "திருத்தம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, நான் செய்த பிழை. இன்னொன்று, அவர்கள் மனம் மாறியது. பிழைக்குக் கணக்கு வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. என் தப்பை நான்தான் சரிசெய்ய வேண்டும், பத்து முறை ஆனாலும். மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ஐஎஸ்ஓ 17100 என்ற தரநிலை 2015இல் வந்தது. மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று அதிலேயே கட்டாயமாக இருக்கிறது. அதாவது, பிழை இருக்கும் என்று இந்தத் தொழிலே எதிர்பார்க்கிறது. ஆனால் "பணியாளர்" ஊழியராகி, ஊழியர் மறுபடி "பணியாளர்" ஆனதற்கும் என் பிழைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் பிரிக்கத் தெரியாததால்தான் எதையும் கேட்க முடியாமல் போனது.

இப்போது விலை சொல்லும் மெயிலில் தொகைக்குக் கீழேயே இதை ஒட்டிவிடுகிறேன்:

"மொழிபெயர்ப்பில் என் பிழை இருந்தால் எப்போது சொன்னாலும் திருத்தித் தருவேன், அதற்குக் கட்டணம் இல்லை. சொல், நடை பற்றிய உங்கள் விருப்பப்படியான மாற்றங்களை இரண்டு முறை இதே தொகைக்குள் செய்து தருவேன். உங்கள் தரப்பில் பார்க்க வேண்டிய எல்லோருடைய கருத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து அனுப்பினால் வசதியாக இருக்கும். மூல ஆவணம் மாறினால், மாறிய பகுதிக்கு மட்டும் தனியாக விலை சொல்கிறேன்."

நான்கே வாக்கியம். இதைப் பார்த்து யாரும் கோபித்துக்கொண்டதில்லை. "எல்லோருடைய கருத்தையும் ஒரே கோப்பில்" என்ற இடம்தான் அதிகம் காப்பாற்றியிருக்கிறது. ஏனென்றால் ஏழாவது சுற்றில் திடீரென்று முளைக்கும் அந்த இன்னொருவரை அது முதல் சுற்றுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடும். ஃபோனில் பேசி முடித்த வேலையாக இருந்தாலும் அன்றைக்கே "சற்று முன் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போட்டுவிடுவேன். ஒப்பந்தம் என்ற பெரிய வார்த்தை வரத் தேவையே இல்லை.

இப்படி ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துக் கையில் கொடுத்த வழிகாட்டிகள் நான் படித்ததில் இரண்டோ மூன்றோதான் இருந்தன. மற்றவை "எல்லை வகுத்துக்கொள்", "உன் மதிப்பை உணர்" ரகம். தலையாட்ட நன்றாக இருக்கும்.

அப்புறம், பழசாகிப் போன வழிகாட்டிகள். ஒரு நீண்ட கட்டுரையை வேதம் மாதிரி வைத்திருந்தேன். தினமும் 30 ப்ரபோசல் அனுப்பு, எண்ணிக்கைதான் முக்கியம் என்றது. அதை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதிய காலத்தில் அது நடந்திருக்கும். ஃப்ரீலான்ஸ் வேலை தேடும் ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு தளங்கள் இணைந்த நிறுவனம் 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறியது. அங்கே விண்ணப்பம் போடத் தேவைப்படும் கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்கும் முறை 2019இல் வந்தது. அதற்குப் பிறகு தினம் 30 ப்ரபோசல் என்பது தினம் கைக்காசைக் கரைக்கும் யோசனை. தளம் எடுத்துக்கொள்ளும் பங்கும் அப்படித்தான். 2016இல் 20, 10, 5 சதவீதம் என்று படிப்படியாக இருந்தது. 2023இல் எல்லோருக்கும் 10 சதவீதம் ஆனது. 2025இல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 வரை மாறும் என்றார்கள். பழைய கட்டுரைகளில் பழைய எண்ணே இருக்கும், தலைப்பில் மட்டும் ஆண்டை மாற்றி வைத்திருப்பார்கள். நான் அப்படி ஒரு கட்டுரையை நம்பித்தான் என் முதல் ரேட்டைக் கணக்கிட்டேன். இப்போது தளங்களின் கட்டணம், பணம் எடுக்கும் விதி போன்றவற்றை அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் மட்டும்தான் பார்க்கிறேன். அங்கே அழகான கதை இருக்காது, எண் சரியாக இருக்கும்.

எழுதுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு ஃப்ரீலான்ஸிங் கற்றுக்கொடுப்பதே ஃப்ரீலான்ஸிங். கடைசிப் பத்தியில் ஒரு கோர்ஸ் இருக்கும், அதற்கு முன்னால் வரும் எல்லாப் பத்திகளும் அதை நோக்கி நடந்துகொண்டிருக்கும். அதில் தப்பில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் அவர்கள் கடைசியாக ஒரு கிளையன்டுக்கு இன்வாய்ஸ் அனுப்பி எவ்வளவு நாளாகிறது என்று நமக்குத் தெரியாது. இன்னொரு வகை, உண்மையிலேயே நன்றாகச் செய்து மேலே வந்தவர்கள். அவர்களிடம் வேறு சிக்கல். முதல் கிளையன்ட் எப்படி வந்தார் என்பதை எட்டு வருடம் கழித்துச் சொல்லும்போது தற்செயல்களெல்லாம் உதிர்ந்துபோய் அது ஒரு திட்டம் மாதிரி ஆகிவிடும். நானே இந்தக் கதையை எழுதும்போது அப்படிச் செய்கிறேனோ என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. கூட வேலை பார்த்தவர் அந்த வாரம் என் பெயரை மறந்திருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது.

பொதுவான வழிகாட்டிகளால் சொல்லவே முடியாத விஷயங்களும் இருக்கின்றன. அவை அந்தந்தத் தொழிலுக்குள் கிடப்பவை.

உதாரணத்துக்கு ரேட். சொல்லுக்கு இவ்வளவு என்று ரேட் வை என்று எல்லா வழிகாட்டியும் சொல்கிறது. எந்த மொழியின் சொல்? ஆங்கிலத்தில் "ஐ வில் ஹேவ் டு கம்" என்பது ஐந்து சொல். தமிழில் "நான் வரவேண்டியிருக்கும்". சேர்த்து எழுதினால் இரண்டு, பிரித்து எழுதினால் மூன்று. "நான்" என்பதைச் சொல்லாமலே புரியும் இடமென்றால் ஒரே சொல்லில் முடிந்துவிடும். தமிழ் ஒட்டிக்கொண்டே போகும் மொழி. என் இரண்டாவது வேலையில் இதை யோசிக்காமல், முடித்துக் கொடுத்த தமிழ்ச் சொற்களை எண்ணிப் பணம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தேன். 6,000 சொல் கொண்ட ஆங்கிலக் கட்டுரைகள் தமிழில் 4,300 சொச்சமாக இறங்கின. நன்றாக, இறுக்கமாக எழுத எழுத எனக்குச் சம்பளம் குறைந்தது! மூலச் சொல்லை எண்ணுவதுதான் இதில் நியாயம், வேலை தொடங்கும் முன்பே மொத்தத் தொகையும் இரு தரப்புக்கும் தெரிந்துவிடும். இதை எனக்குச் சொன்னது எந்த வழிகாட்டியும் இல்லை. 15 வருடமாக இதே தொழிலில் இருக்கும் ஓர் அக்கா.

அந்த அக்கா கற்றுக்கொடுத்த இன்னொன்றுதான் பெரிது. ஒரு செயலியில் வரும் சொற்களைத் தமிழாக்கும் வேலை வந்தது. எக்செல் கோப்பு, 1,140 வரிகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓரிரு சொல். படமும் இல்லை, எந்தத் திரையில் வருகிறது என்ற குறிப்பும் இல்லை. 212ஆவது வரியில் "புக்" என்று மட்டும் இருந்தது. மேலேயும் கீழேயும் இருந்தவை கற்றல் தொடர்பானவை. அதனால் "புத்தகம்" என்று போட்டேன். அது வகுப்புக்கு நேரம் முன்பதிவு செய்யும் பொத்தான். அதே மாதிரி "ஃப்ரீ" என்பதற்கு "இலவசம்" என்று போட்டிருந்தேன். நாட்காட்டியில் காலியாக இருக்கும் நேரத்தைக் குறிக்கும் சொல் அது. செயலியைப் பார்த்த ஒருவர், எல்லா வகுப்பும் இலவசம் என்று நினைத்துக்கொண்டாராம். கிளையன்ட் தரப்பிலிருந்து வந்த மெயில் மரியாதையாகத்தான் இருந்தது, படித்த எனக்குத்தான் காது சுட்டது.

அக்காவிடம் சொல்லி அழாத குறையாகப் புலம்பினேன்.

"சந்தேகம் வந்துச்சா இல்லையா, தம்பி?"

"வந்துச்சுக்கா. கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு நினைப்பாங்களோன்னு..."

"நான் வரிக்கு வரி கேப்பேன். போன வாரம் ஒரு கோப்புக்கு 46 கேள்வி அனுப்பினேன். அதுல ஒம்பது, அவங்க மூலத்துலயே தப்பு. நன்றி சொல்லி எழுதினாங்க."

அன்று மாலையே தன்னுடைய கேள்வித் தாளின் வெற்றுப் படிவத்தை அனுப்பி வைத்தார். ஐந்து பத்திகள் கொண்ட ஒரு சாதாரண அட்டவணை: வரி எண், மூலச் சொல், என் கேள்வி, நான் தற்காலிகமாக வைத்திருக்கும் சொல், அவர்கள் பதில். நான்காவது பத்தியில்தான் சூட்சுமம் இருக்கிறது. பதில் வராவிட்டாலும் வேலை நிற்காது, அதே சமயம் யார் எதை எப்போது கேட்டார்கள் என்பது பதிவாகிவிடும். நான்கு மாதம் படித்த எல்லாவற்றையும்விட அந்த வெற்றுத் தாள் எனக்கு அதிகம் உழைத்திருக்கிறது.

பணம் வரும் விஷயத்தில் வழிகாட்டிகள் "இன்வாய்ஸ் அனுப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. இன்வாய்ஸ் அனுப்பிய பிறகுதான் கதையே ஆரம்பம். ஓர் ஏஜென்சிக்கு மார்ச் 3ஆம் தேதி வேலையை முடித்துக் கொடுத்தேன். "60 நாள்" என்று பேசியிருந்ததால் மே முதல் வாரம் பணம் வரும் என்று நினைத்தேன். அவர்கள் முறைப்படி அந்த மாத வேலைகளுக்கெல்லாம் சேர்த்து மார்ச் 31ஆம் தேதிதான் இன்வாய்ஸ் போட வேண்டும். 60 நாள் என்பது அங்கிருந்து தொடங்கும், அதாவது மே 30. பணம் அனுப்புவது மாதத்துக்கு ஒரே ஒரு முறை, 15ஆம் தேதி. ஆக, ஜூன் 15. வேலை கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் 104 நாள். யாரும் என்னை ஏமாற்றவில்லை. எல்லாம் அவர்கள் முதலில் அனுப்பிய ஆவணத்திலேயே இருந்தது, நான்தான் "60" என்ற எண்ணை மட்டும் பார்த்தேன். இப்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: நாள் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும், எந்தெந்தத் தேதியில் பணம் அனுப்புவார்கள், இன்வாய்ஸில் ஆர்டர் எண் போட வேண்டுமா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். அந்த எண் இல்லாத ஒரே காரணத்துக்காக என் இன்வாய்ஸ் ஒன்று யாருடைய மேசையிலோ ஐந்து வாரம் தூங்கியது.

இது என் ஒருவன் புலம்பல் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி எதுவும் குறிப்பிடவில்லை என்றால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று நியூயார்க் நகரம் 2017இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட வேலைகளுக்குப் பொருந்தும். 2024இல் அந்த மாநிலம் முழுவதற்கும் அது விரிந்தது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு இது பொதுவான நோய்.

ரேட்டை எப்படி நிர்ணயிப்பது என்பதிலும் ஒரு பள்ளம். பழைய மாதச் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்து, மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள் என்று படித்திருந்தேன். வகுப்பதற்கு எந்த நேரத்தை எடுப்பது? ஆறு வாரம் ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்துப் பார்த்தேன். வாரத்துக்குச் சராசரியாக 41 மணி நேரம் மேசையில் இருந்திருக்கிறேன். அதில் காசாகிற வேலை 23 மணி நேரம். மீதி 18 மணி நேரம் மெயில், விலை சொல்வது, வராத வேலைக்கு மாதிரி செய்து கொடுப்பது, கணக்கு, கணினி கோளாறு. 41ஆல் வகுத்து ரேட் வைத்திருந்தவன், 23ஆல் வகுத்துப் பார்த்தேன். ரேட் ஏறக்குறைய 80 சதவீதம் ஏறியது. அதை அப்படியே பழைய கிளையன்ட்களிடம் கேட்கும் தைரியம் வரவில்லை. புதிதாக வந்தவர்களிடம் கேட்டேன். பாதிப் பேர் போய்விட்டார்கள், பாதிப் பேர் சரி என்றார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, பழைய வழிகாட்டிகளில் சிலவற்றை மறுபடி படித்தேன். வேடிக்கை என்னவென்றால், முதலில் படித்தபோது சப்பென்று தாண்டிப்போன வரிகள் இப்போது நிறுத்தின. "யார் இறுதி முடிவெடுப்பவர் என்று கேள்" என்று ஒரு வரி. அன்றைக்கு அதில் எனக்கு எந்த முகமும் தெரியவில்லை. இன்றைக்கு அந்த மேலாளர், அந்தப் பயிற்சிப் பிரிவுக்காரர், எல்லோரும் தெரிகிறார்கள். அதே சமயம் அன்று சிவப்பு மையில் நட்சத்திரம் போட்ட வரிகள் பல இன்று வெறும் உற்சாக வார்த்தைகளாக இருந்தன. வழிகாட்டி மாறவில்லை. அதில் எந்த இடம் எனக்கானது என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு சொந்த வேலை தேவைப்பட்டிருக்கிறது.

அதனால் இப்போதும் படிக்கிறேன், ஆனால் கையில் ஒரு கேள்வியோடு. பணம் வராத அன்றைக்கு "பணம் கேட்டு நினைவூட்டும் மெயில்" பற்றிப் படித்தால் அரை மணி நேரத்தில் ஒரு மெயில் உருவாகிறது. சும்மா படித்தால் அரை மணி நேரம் போகிறது. மாதிரிக் கடிதம், மாதிரி இன்வாய்ஸ், படிவம் என்று ஏதாவது ஒன்றை முழுசாகக் கொடுத்திருந்தால் அந்த வழிகாட்டியை எடுத்து வைத்துக்கொள்கிறேன். எழுதியவர் தான் பட்ட அடியை எண்ணோடு சொல்லியிருந்தால் இன்னும் நம்புகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சித்தி பெண் ஃபோன் செய்தாள். வடிவமைப்பு படித்தவள், ஃப்ரீலான்ஸ் தொடங்கப் போகிறாளாம். "படிக்கிறதுக்கு நல்ல கைடு ஏதாவது சொல்லுண்ணா" என்றாள். நோட்டையே கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டாம் என்று, "இப்போதைக்கு ஒண்ணும் படிக்காதே, முதல் வேலைன்னு ஒருத்தர் கேட்டு எழுதினா அந்த மெயிலை எடுத்துட்டு வா" என்றேன். அவளுக்கு ஏமாற்றம்தான்.

போன வாரம் வந்தாள். ஒரு சிறு நிறுவனத்துக்கு விளம்பர அட்டை வடிவமைப்பு. என் நான்கு வாக்கியங்களை அவளுடைய தொழிலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுத இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பிழை என்றால் அவளுக்கு வேறு அர்த்தம்: அளவு தவறு, எழுத்துப் பிழை, அச்சுக்கு ஒத்துவராத நிறம். விருப்ப மாற்றம் இரண்டு முறை. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், "கோவிச்சுக்குவாங்களா?" என்று நான்கு முறை கேட்டாள்.

அன்று இரவே ஃபோன் வந்தது.

"அண்ணா, ரெண்டு பத்தாது, மூணா வச்சுக்கலாமான்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?"

"உனக்கு நேரம் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ மூணுன்னு சொல்லு."

"சரி, இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"கூப்பிடாதே. மெயில் போடு."